அடுக்களைத் தரையில் செத்துப்போன செந்நாய்

என் வீட்டுக்காரருக்குத் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. கையில் கிரீஸோடு வருவார், குளிப்பார், அடுத்த நிமிடம் நாலு காலில் இறங்கிவிடுவார். பிள்ளைகளுக்காகச் செந்நாய்க் கதை எழுதுகிறார். நிலத்தடியில் ஓடும் தண்ணீரின் பேச்சைக் கேட்கத் தெரிந்த ஒரு தலைவி, அவளை நம்பி அலையும் ஒரு கூட்டம். புத்தகம் புத்தகமாக வந்துகொண்டே இருக்கிறது. நடித்துப் பார்க்காமல் ஒரு வரி எழுத மாட்டார். சோபாவுக்குப் பின்னால் பதுங்குவார், செருப்பை முகர்வார், தலையணையைக் கவ்வி உதறுவார். பறக்கிற பஞ்சைப் பெருக்குவது யார்? நான்தான். தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் நாலுகால். அப்படிக் கூப்பிட்டால் பல்லைக் காட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறார், வெட்கமே கிடையாது.

போன புத்தகத்தில் வசமாக மாட்டிக்கொண்டார். அதில் தலைவி சாக வேண்டும். இவருக்கோ பேனா நகரவில்லை. பதிப்பாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் கடைசி அத்தியாயம் வரலைன்னா தொடரை இதோட நிறுத்திடுவேன்" என்று போனில் சொல்லிவிட்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மனுஷன் வந்து என் காலடியில் நீட்டிப் படுத்துவிட்டார். அங்கேதான் தரை சில்லென்று இருக்கிறதாம்.

எட்டு வயது மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். "அம்மா, அப்பா ஏன் இங்க படுத்திருக்காரு?"

"சாகுறாரு. மிதிக்காம தாண்டிப் போ."

"கொஞ்சம் தள்ளிப் படுத்துச் சாகுங்களேன், மாவு டப்பா எடுக்கணும்" என்று அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். கண்ணைத் திறக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும்தான் கூட்டம்" என்றார். "தண்ணி எங்க இருக்குன்னு சொல்லிட்டேன். என்னை விட்டுட்டு வெளிய போங்க. நின்னா குட்டிங்க தாகத்துல செத்துடும். திரும்பிப் பார்க்கக் கூடாது."

"அடுப்புல கொதிக்குது!"

"அணைச்சிட்டுப் போ."

தலையில் அடித்துக்கொண்டு அணைத்தேன். மகள் நகரவில்லை. "அப்பா தனியா இருப்பாரு, நான் போகமாட்டேன்" என்று அவரை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

"போம்மா" என்றார்.

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. எங்கேயாவது தொலைந்து போங்கள் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இப்போது வாசலைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. எப்படியோ தாண்டிக் கதவைச் சாத்தினேன். மாடிப்படியில் உட்கார்ந்தோம். மகள் விசும்பினாள். நானும் அழுதேன்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்பா எந்திரிச்சுட்டாரு!" என்று குதித்தாள் மகள்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு அத்தியாயத்துக்காக என்னைத் தாலியறுக்க வைத்துப் பார்த்துவிட்டாரே இந்த மனுஷன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க எழுந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், குனிந்து எழுதிக்கொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எழுதித் தொலைக்கட்டும் என்று மறுபடி படியில் உட்கார்ந்தேன். கோபம் மட்டும் இன்றுவரை போகவில்லை. அவர் இல்லாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டதே.