அரிச்சல்முனையில் தப்பிப்போன எண்ணிக்கை

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை, காலை 10.05. இளவெயில், லேசான வாடைக்காற்று. இராமநாதபுரத்தில் சேதுவும் நானும் இராமேஸ்வரம் பேருந்தில் ஏறினோம். தலைக்கு 52 ரூபாய். தூரம் 55 கிலோமீட்டர்.

சேது என்னோடு தணிக்கைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். கடவுள் இல்லை என்பவன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மதுரையில் அவனுக்கு இதய அறுவை சிகிச்சை. அதற்குமுன் இராமேஸ்வரம் தீவின் கோடியிலுள்ள அரிச்சல்முனையைப் பார்க்க ஆசைப்பட்டான். மருத்துவரும் போய்வரச் சொல்லிவிட்டார். கூடவே ஒரு கேள்வியும் வைத்திருந்தான்.

"பாய், நீ ஏன் நம்புற? உங்க அத்தா நம்புனாருங்கிறதெல்லாம் காரணம் ஆகாது. உன் காரணத்தச் சொல்லு. நெஞ்சத் தொறக்கிறதுக்கு முன்னால கேட்டுட்டுப் போறேன்."

பாம்பன் பாலத்தில் ஆரம்பித்தேன். இந்தக் கடலும் வானமும் தாமாகவா ஒழுங்காய் நடக்கும்?

"இது புத்தகத்துல இருக்கிறதுலே. தணிக்கைத் தடை!" கணக்கில் ஒப்பாததற்கு நாங்கள் எழுதும் ஆட்சேபத்துக்கு அதுதான் பெயர்.

அடுத்ததைச் சொன்னேன். என் மகள் காய்ச்சலில் பிழைத்த விடியற்காலையில், நான் யோசிக்கும் முன்பே என் வாய் 'அல்ஹம்துலில்லாஹ்', எல்லாப் புகழும் இறைவனுக்கே, என்றது. வாங்கிக்கொள்ள ஒருவன் இல்லையென்றால் அந்த நன்றி எங்கே போயிருக்கும்?

"டாக்டருக்குப் போயிருக்கும்" என்றான். குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

11.50க்கு இராமேஸ்வரம். சாப்பாடு, லுஹர் என்னும் நண்பகல் தொழுகை. 2.40க்கு அரிச்சல்முனைப் பேருந்து, தலைக்கு 35 ரூபாய். நெடும்பயணம் போகிறவர்கள் நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்றுத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். எங்கள் இமாம் சொன்ன கணக்கில் அதற்கு 82 கிலோமீட்டர் வேண்டும். இராமநாதபுரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு எனக்கு 76தான் வந்தது. அதைச் சேதுவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

"ஆறு கிலோமீட்டர்தான? கடலுக்குள்ள நடந்துபோய்ச் சலுகைய வாங்கிட்டு வா."

3.30க்கு இறங்கினோம். இரண்டு பக்கமும் கடல். பத்தடி நடந்த சேது தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். முகமெல்லாம் வியர்வை. தொழுகைக்குமுன் கைகால் கழுவ வைத்திருந்த இரண்டு லிட்டர் தண்ணீரையும் அவன் தலையில் கவிழ்த்தேன்.

மாங்காய் விற்ற அம்மாள் ஓடிவந்தார். "அய்யா, குடிக்கக் குடுக்காம குளிப்பாட்டுறீகளே!" தன் பாட்டிலை நீட்டினார். சேது மாத்திரை போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்டச் சிரித்தான். "நெஞ்சு வலி இல்லலே. பஸ்ஸு குலுக்குன குலுக்கு." கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. மாங்காய்கூடக் கேட்டான்.

அஸர் என்னும் மாலைத் தொழுகையின் நேரம் வந்தது. கடல் நீர் தொழுகைக்கு ஆகும் என்று தெரியும். உப்பும் மணலும் ஒட்டுமே என்றுதான் எனக்குத் தயக்கம். வேறு வழியில்லை. என் செருப்பையும் கண்ணாடியையும் சேது மடியில் வைத்துக்கொண்டான். கடலில் கைகால் கழுவிவிட்டு மணலில் துண்டை விரித்து நின்றேன்.

பாதியில் எண்ணிக்கை தப்பிவிட்டது. மூன்று ரக்அத்தா, நான்கா? பேருந்துப் படிக்கட்டைக்கூட எண்ணுகிறவன் நான். நினைப்பு முழுக்கப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் மேல் இருந்தது. சந்தேகம் வந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று என்று வைத்து, இன்னொன்று தொழுது, கடைசியில் மறதிக்காக நெற்றி தரையில் பட இரண்டு ஸஜ்தா செய்து முடித்தேன்.

"கடைசியில என்ன ரெண்டு தடவ கூடுதலா விழுந்த?"

சொன்னேன்.

"கணக்குத் தப்புனதுக்கு அவ்வளவுதானா? அபராதம்? விளக்கக் கடிதம்?"

"ஒண்ணும் கிடையாது. மறப்பேன்னு படைச்சவனுக்குத் தெரியும். நான் படைப்பு; அதுக்கும் சேத்துத்தான் வழி வச்சிருக்கான்."

சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. "சேது, கதவப் பூட்டுனமா, அடுப்ப அணைச்சமான்னு நாள் பூராவும் எண்ணிச் சாகிறேன். நெத்தி தரையில படுற அந்த நேரம் மட்டும், என்னைவிடச் சரியா எண்ணுற ஒருத்தன் இருக்கான், அவன் இரக்கமுள்ளவன்னு மனசு அடங்குது. கோட்டை விட்டா தாங்கிக்கிடுவான். இதுதான் என் காரணம். வேற இல்ல."

சேது கண்ணாடியைத் துடைத்து என்னிடம் கொடுத்தான். "ஆதாரம் பத்தாது" என்றான். கொஞ்சம் கழித்து, "ஆனா தடைய விலக்கிக்கிடுறேன்."

திரும்பும்போது பாம்பனில் பொழுது சாய்ந்தது. படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. சேது ஜன்னல் பக்கமே பார்த்தபடி கேட்டான்: "காலையில ஒம்பது மணிக்கு உங்களுக்குத் தொழுகை உண்டா?"

"கடமை இல்ல. தொழலாம்."

"அப்ப திங்கக்கிழமை தொழு. எண்ணிக்கிட்டு நிக்காத."

"தொழுறேன்லே."

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினேன். 688 ரூபாய்க்குத்தான் விவரம் இருந்தது. பன்னிரண்டு ரூபாய் உதைத்தது. வேறொரு நாளென்றால் தூங்கியிருக்க மாட்டேன். விளக்கை அணைத்துவிட்டேன்.

கையிலிருந்து போனது, மொத்தம் எழுநூறு ரூபாய்.