யாருக்கும் நட்டமில்லாத இடம்

தெரணியகலையிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் துஷ்யந்தி பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சுவதும் தொட்டில் ஆட்டுவதும் அவள் வேலை. மலை சரிந்த அன்றும் அங்கேதான் இருந்தாள். மழை விடாமல் பெய்த மத்தியானம் அது. லய வீடுகளில் இருந்த சனங்கள் மண்சரிவுக்குப் பயந்து காலையிலேயே கீழே கோயிலுக்கு இறங்கிவிட்டார்கள். அவள் புருஷன் இந்திரகுமார் மட்டும், பசுவை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று காம்பரா வாசலில் நின்று சொல்லிவிட்டு மேலே போனான். அவனுக்கு முன்னால் சாமான் எடுக்கப் போயிருந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். மூவரையும் மண் மூடியது. இராணுவம் வந்து தோண்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஒருவரும் கிடைக்கவில்லை.

மாமியார் அழகம்மா, மகன் செத்துப்போனான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரிவைக் காட்டி "அங்கன இருக்கான்" என்பாள், அவ்வளவுதான். துஷ்யந்திக்குக் கேட்டது இருமல். இந்திரகுமார் தேயிலை ஆலையில் வேலை செய்தவன். தூசு ஏறிய நெஞ்சு. இரண்டு முறை இருமி, மூன்றாவதை அடக்கிக்கொள்வான். சரிவுப் பக்கமிருந்து காற்று வீசினால் அந்த இரண்டு இருமல் கேட்கும். ஏதோ குழந்தைதான் இருமுகிறது என்று எழுந்து தொட்டில் தொட்டிலாகப் பார்ப்பாள். எல்லாம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சரிவு தோட்டத்துப் பாதையையும் கொண்டுபோய்விட்டது. நோயில் விழுந்த வருத்தக்காரரைக் கம்பளியில் கிடத்தி, மலையைச் சுற்றித்தான் தூக்கிப்போனார்கள். அப்படித் தூக்கிப்போன வழியில், ஓடைக்கரையில், ஷாமிளா என்ற பெண் பிள்ளை பெற்றாள். பிள்ளை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை. அந்தப் பிள்ளை துஷ்யந்தியின் தொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் அவள் பாதைக்காக நடக்கத் தொடங்கினாள்.

பாதை வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தன் பக்கமாக வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நல்ல கொழுந்து மலையை வெட்ட முடியாது என்றார் தோட்டத்தை நடத்தும் தொரை. கீழே சிங்களக் கிராமத்தில் குணபாலவின் சொல்லுக்கு மதிப்பு. பாதை போட்டால் மழைத்தண்ணீர் முழுதும் எங்கள் வயலுக்குள் பாயும் என்றார் அவர். பழைய பாதை முனையில் கடை வைத்திருந்த ஸம்சுதீன் முதலாளிக்கு, புதுப் பாதை தன் கடையை விட்டு விலகிவிடும் என்ற பயம். தோட்டத்தில் சங்கம் இரண்டு. பழனியாண்டி ஒன்றின் தலைவர், கிருஷ்ணராஜ் மற்றதன் தலைவர். மச்சான் உறவு, ஆனால் ஒருவர் இருக்கும் இடத்தில் மற்றவர் உட்கார மாட்டார். பாதை வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தாள் பேரில் வரக்கூடாது என்பதே இருவர் நினைப்பும்.

துஷ்யந்தி ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தாள். கிராமத்தில் சிங்களத்தில் பேசினாள். என்ன வேண்டும் என்று கேட்காமல், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டாள். வாய்க்காலை ஓடைப்பக்கம் திருப்பினால் குணபாலவுக்குச் சம்மதம். கிராமத்துக் கொழுந்தும் அதே பாதையால் ஆலைக்குப் போகலாம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. பஸ் தன் கடைமுன் நின்றால் போதும் என்றார் ஸம்சுதீன். பாதைக்கு எந்தச் சங்கத்தின் பெயர்ப்பலகையும் வேண்டாம் என்று தலைவர்கள் இருவரிடமும் தனித்தனியே வாக்கு வாங்கினாள்.

கடைசியில் எல்லோரையும் பிள்ளைக் காம்பராவுக்கே அழைத்தாள். சங்க ஆபீஸ் என்றால் ஒருவர் வருவார், மற்றவர் வரமாட்டார். அங்கே இருந்தவை பிள்ளைகள் உட்காரும் குட்டை வாங்குகள்தான். தொரை முதற்கொண்டு எல்லோரும் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்கள். அப்படி உட்கார்ந்துகொண்டு வீறாப்பாகப் பேச யாராலும் முடியவில்லை. வாய்க்கால் முடிந்தது, பஸ் முடிந்தது, பலகை முடிந்தது. பாதை எந்த இடத்தால் போவது என்ற இடத்தில் பேச்சு நின்றது.

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அடிச்சரிவில் மண் இறுகிவிட்டது, கல் அடுக்கிச் சுவர் எழுப்பினால் பாதை நிற்கும் என்று வந்து பார்த்த அதிகாரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அங்கே வெட்டக் கொழுந்தில்லை, வயலில்லை, கடையில்லை. எல்லோருக்கும் அது தெரியும். அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

"சரிஞ்ச எடத்தால போவோங்க" என்றாள் துஷ்யந்தி. "அது யாருக்கும் நட்டமில்லாத எடம்."

தலைகள் சட்டென்று அசைந்தன. அந்த வேகம்தான் அவளைப் பயமுறுத்தியது. ஸம்சுதீன் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மகள், நல்லா யோசிச்சா சொல்றீங்க?"

"யோசிச்சா சொல்ல மாட்டேன், முதலாளி."

மண் மூடிய மற்ற இருவரின் குடும்பங்களும், நீயே சொல்லும்போது நாங்கள் என்ன சொல்வது என்றுவிட்டன. அழகம்மாவிடம் அன்று பொழுதுசாய அவளே சொன்னாள். அழகம்மா அழவில்லை. "எம்மவன் மேல வண்டி ஓட்டச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் முதல், இருவரும் குடியிருந்த லயக் காம்பராவின் மறு மூலையில் தனக்குத் தனி அடுப்பு மூட்டிக்கொண்டாள்.

வெட்டத் தொடங்குமுன் குணபால யாரும் சொல்லாமலே வந்து சரிவின் ஓரமாக, தங்கள் ஊரில் சாவுக்குக் கட்டுவதுபோல் வெள்ளைக் கொடிகள் கட்டினார். பூசாரி படையல் வைத்தார். பெக்கோ இயந்திரம் மண்ணைத் தோண்டி அள்ளிய நாளெல்லாம் துஷ்யந்தி பக்கத்திலேயே நின்றாள். நசுங்கிய தகரம் வந்தது. ஓர் அம்மிக்கல் வந்தது. பிறகு பசுவின் சங்கிலி வந்தது. கொக்கி திறந்திருந்தது. அவிழ்த்துவிட்டிருக்கிறான். ஒரு நிமிடம் முந்தியிருந்தால் பசுவும் அவனும் இறங்கியிருப்பார்கள். பெக்கோக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். சங்கிலியைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "வெட்டுங்க" என்றாள். அதற்குக் கீழே வெறும் மண்தான் இருந்தது. மனிதர் யாரும் வரவில்லை.

பாதை திறந்த பிறகு மேல்பிரிவில் யாரும் கம்பளியில் போகவில்லை. இரண்டு சங்கமும் பிரதேச சபைத் தேர்தலுக்குத் தங்கள் பக்கம் நிற்கச் சொல்லி அவளைக் கேட்டன. அவள் மறுத்துவிட்டாள். ஆனால் தூரத்து றக்வான பக்கமிருந்தும் தண்ணீருக்கும் மயானத்துக்கும் சண்டை பிடிப்பவர்கள் அவளைக் கூப்பிடுவதுண்டு. போவாள். எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டி இதில் பிரச்சினை இல்லை என்று சொன்னால் மட்டும், "அங்க யாரு இருக்கா?" என்று கேட்பாள். ஒருவரும் இல்லை என்பார்கள். அவள் எழுந்து தனியாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அழகம்மா அந்தப் பாதையில் கால் வைக்கவே இல்லை. கோயிலுக்கும் சந்தைக்கும் மலையைச் சுற்றியே நடந்தாள். போன வருடம் அவளுக்குக் கால் வீங்கி நடக்க முடியாமல் போனபோது துஷ்யந்தி பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஏறியதுமே கிழவி கண்ணை இறுக மூடிக்கொண்டு மருமகளின் கையைப் பற்றினாள். அடுப்புப் பிரிந்த பிறகு அவள் அந்தக் கையைத் தொடுவது அதுவே முதல் தடவை. பஸ் வளைவில் திரும்பியது.

"தாண்டிட்டமா?" என்றாள் அழகம்மா.

கல்சுவர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. சக்கரம் மெதுவாக அந்த மண்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

"தாண்டிட்டோம், அத்த" என்றாள் துஷ்யந்தி.