டிஸெக்ஷன் பெட்டியில் இரண்டு முட்டை

பார்மலின் வாசனை விரலை விட்டு லேசில் போகாது. சீயக்காய், பாசிப்பயறு மாவு, எலுமிச்சைத் தோல்... எதைத் தேய்த்தாலும் போகாது.

இரண்டாம் உலக யுத்த காலம். திருச்சியில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண் நான். அதிலும் ஸுவாலஜி. அங்கே நான் தவளை அறுப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், வாயால் யாரும் சொல்ல மாட்டார்கள். பெரியம்மா மட்டும் தினம் என்னை வாசலிலேயே நிறுத்திப் பையை உதறச் சொல்வாள். குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள்.

ஒரு சனிக்கிழமை டிஸெக்ஷன் பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். மூடி சரியாகச் சாத்தாத பழைய மரப்பெட்டி. பஞ்சுக்கு அடியில் புளியங்கொட்டை அளவில், வெள்ளை வெளேரென்று இரண்டு முட்டை...

பின்னால் நின்ற பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"என்னடி அது, முட்டையா?"

"பல்லி முட்டை, பெரியம்மா."

"இந்த ஆத்துல பல்லி இல்லாத நாள் உண்டா? இத்தனை வருஷமா ஒரு முட்டை என் கண்ணுல பட்டதில்லை. நீ காலேஜ் போனப்புறம் படறது. அதுவும் உன் பெட்டிக்குள்ள."

விளக்கினேன். பாம்பு முட்டையும் ஓணான் முட்டையும் தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். வீட்டுப் பல்லியின் முட்டை மட்டும் காற்றுப் பட்டதும் ஓடு கெட்டியாகிவிடும், இடுக்கு பார்த்துத்தான் இடும் என்றேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு தெரிந்தவள் காலேஜிலிருந்து எதையாவது கொண்டுவராமலா இருப்பாள்...

அப்பா ஹைஸ்கூல் வாத்தியார். பெட்டியை அலுங்காமல் எடுத்து ரேழியில் வைத்து, மேலே மல் துணியைக் கட்டினார்.

"பொரியட்டும். பல்லியா இருந்தா படி. வேற ஏதாவதா இருந்தா நின்னுக்கோ."

அப்பாவும் என்னை நம்பவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வருகிறவர் போகிறவர் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். எனக்கு வேறு பயம். இரண்டும் கூமுட்டையாகிவிட்டால்? எதைக் காட்டி நிரூபிப்பது?

ஒரு சாயங்காலம் அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லு. காலேஜ்ல முட்டையைத் தொட்டிருக்கியோ?"

"தொட்டிருக்கேன்ப்பா. கோழி முட்டை. சூட்டுல வெச்சிருந்து, ஓட்டைக் கொஞ்சம் பேர்த்து டீச்சர் காட்டினா."

"உள்ள என்ன இருந்தது?"

"குஞ்சுன்னு சொல்ல முடியாது. மஞ்சக் கரு மேல நூல் நூலா ரத்தம். நடுவுல சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் இதயம்."

மல் துணியின் மேல் குனிந்து பார்த்தார்.

"துடிச்சுதா?"

"துடிச்சுதுப்பா."

எழுந்து போய்விட்டார். படிப்பு போயிற்று என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் வழக்கம்போல பஸ் வரை கூட வந்தார். நான் சொன்னதைப் பெரியம்மாவிடம் அவர் சொல்லவே இல்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் துணிக்கு அடியில் ஏதோ ஊர்ந்தது. தீக்குச்சி நீளத்தில் ஒரு பல்லிக்குட்டி. உடம்பே ஊடுருவித் தெரிகிற மாதிரி அவ்வளவு மெல்லிசு. பக்கத்தில் உடைந்த ஓடு.

பெரியம்மா குனிந்து நன்றாகப் பார்த்தாள்.

"பல்லிதான். இன்னொண்ணு பொரியலையே... அது என்னன்னு யார் கண்டா?"

அது கடைசிவரை பொரியவில்லை. நான் இன்டர்மீடியட் முடிக்கிற வரை அவளுக்குச் சந்தேகமும் தீரவில்லை.

இப்போது எனக்குத் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. பேத்தி பெங்களூரில் மீன் முட்டைகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். போன வாரம் வீடியோ காலில் ஒன்றைக் காட்டினாள். கண்ணாடி மணி மாதிரி முட்டை, உள்ளே கரு சுருண்டு கிடக்கிறது. அவள் அப்பா, என் மகன், எட்டிப் பார்த்து, "சூப்பர்மா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு டி.வி. பார்க்கப் போய்விட்டான்.

அவளைத் தடுக்க யாரும் இல்லை. நல்ல காலம்தான்... ஆனாலும் அந்த ஸ்ரீரங்கத்து வீட்டில், பயந்துகொண்டாவது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.