லீவர் மேல் போட்ட துண்டு

கிளட்ச் இல்லாத வண்டியும் ஒரு வண்டியா? அய்யாவு கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஊட்டி ஷோரூமிலிருந்து அந்தப் புதுச் சின்னக் காரை எடுத்துக்கொண்டு வரும்போது, அருவங்காட்டுப் பக்கம் ஓர் ஆட்டோ குறுக்கே நுழைந்தது. முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? இடது கால் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்ததோ அகலமான பிரேக். கார் நட்டுவைத்தாற்போல் நின்றது. பின்சீட்டிலிருந்த முதலாளி நவநீதன் முன்சீட்டில் வந்து முட்டிக்கொண்டார்.

"ஏனுங்க அய்யாவு, வாங்குன அன்னிக்கே என்னையக் கொன்னுபோடுவீங்களாட்ட இருக்குதே!"

"நான் என்னாங்க பண்ண? காலு சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது."

அன்றிலிருந்து இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். வேலையில்லாத கால். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு என்னவோ போலிருந்தது.

அய்யாவு பிறந்தது சிலோனில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பதினோரு வயதில் குடும்பத்தோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினார். "ரெண்டே நாள்ல உங்களுக்கு வீடு ரெடி" என்று அங்கே ஓர் ஆபீசர் சிரித்த முகமாகச் சொன்னார். கிடைக்க மூன்று வருஷம் ஆனது. அன்றைக்குப் பிடித்தது இந்தச் சந்தேகப் புத்தி. யாராவது சிரித்துப் பேசினால் போதும், இவன் எதை மறைக்கிறான் என்று அய்யாவு பார்க்க ஆரம்பித்துவிடுவார். பஸ் டிக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் சட்டைப்பையில் வைப்பார்.

அப்பனும் ஆத்தாளும் குன்னூர்ப் பக்கம் தேயிலைக் கொழுந்தெடுத்தே காலத்தை ஓட்டினார்கள். இவருக்கு மட்டும் லாரி மேல்தான் கண். கொழுந்து லாரியைக் கழுவப் போய், அதில் ஏறி உட்கார்ந்து, கடைசியில் ஓட்டவே ஆரம்பித்து, நவநீதனின் அப்பா காலத்திலேயே டிரைவராகச் சேர்ந்துவிட்டார். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டுக்குச் சற்று மேலே அவர்களுடைய தேயிலை ஃபேக்டரி இருக்கிறது. அதை ஒட்டி தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அய்யாவுக்கும் அவர் மனைவி கருப்பம்மாவுக்கும் ஒரு வீடு. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கொழுந்து விலை பத்து ரூபாய்க்கும் கீழே விழுந்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்ட வருஷங்கள் அவை. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினால் பெரிது. முதலில் வாட்ச்மேனை நிறுத்தினார்கள். அப்புறம் லாரியை விற்றார்கள். அதை ஓட்டிய சின்னராஜ் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அடுத்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஜீப்பையும் தள்ளிவிட்டு, இந்த ஆரஞ்சு நிறக் காரை வாங்கினார்கள்.

"உங்களுக்கும் வயசாகுதில்லீங்க. கியர் மாத்தற வேலையே இல்லை. தானா மாத்திக்கும், சொகமா ஓட்டுங்க" என்றார் நவநீதன்.

சிரித்துக்கொண்டே சொன்னார். அங்கேதான் அய்யாவுக்கு மூக்கில் வேர்த்தது. ஜீப்பை ஓட்ட டிரைவர் வேண்டும். தானாகக் கியர் மாற்றுகிற காருக்கு எதற்கு டிரைவர்? யார் வேண்டுமானாலும் ஓட்டிவிட்டுப் போகலாமே. யார் வேண்டுமானாலும் என்றால், நவநீதனின் மனைவி சுஜாதா. பல்லடத்துப் பெண். சமவெளியில் கார் ஓட்டி, கையில் லைசென்ஸ் வைத்திருப்பவள். மலை ரோட்டுக்குப் பயந்துதான் இத்தனை நாள் ஜீப்பைத் தொடவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் கார்க் கதவைத் திறந்து உட்காரப் போன அய்யாவுக்கு முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டை யாரோ முன்னால் இழுத்திருந்தார்கள். கண்ணாடியும் அவர் வைத்த மாதிரி இல்லை. ஓஹோ, அப்படியா சேதி என்று சீட்டைப் பின்னால் தள்ளினார். மறுநாளும் சீட்டு முன்னால் வந்திருந்தது. அதற்கு மறுநாளும்.

கருப்பம்மாவிடம் சொன்னார். "சீட்டு முன்னுக்கு வந்துச்சு, நம்ம பின்னுக்குப் போறோம். அம்புட்டுத்தான்."

"நீங்க சும்மா கெடங்க. எதப் பாத்தாலும் ஒங்களுக்கு ஒரு சந்தேகம்" என்றபடி அவள் அரிசி களைந்தாள்.

சுஜாதா ஒளித்து ஒன்றும் செய்யவில்லை, பாவம். பிறகு அவளே வந்து, "அய்யாவுண்ணா, நான் குன்னூர் வரைக்கும் ஓட்டறனுங்க, நீங்க பக்கத்துல உக்காந்துக்குங்க" என்றாள். மறுக்க முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மேலே வருகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்றார். பனிமூட்டத்தில் பெரிய லைட் போட்டால் கண்ணை மறைக்கும் என்றார். நிறுத்தினால் டயருக்குக் கல் கொடுக்கச் சொன்னார். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

காரை எடுத்த அன்று, நவநீதன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஷோரூம்காரர் அய்யாவைத் தனியே கூப்பிட்டு, டி, எம் என்று எழுத்துப் போட்ட கியர் லீவரைக் காட்டியிருந்தார். "ஏத்தம், சமதளம் எல்லாம் டியிலயே போங்கண்ணா. மலை இறங்கறப்ப மட்டும் லீவரை இப்படித் தள்ளி எம்ல போட்டு, ரெண்டாவது கியர்ல வெச்சுக்குங்க. இஞ்சினே வண்டியப் புடிக்கும். டியிலயே விட்டா பூராப் பாரமும் பிரேக்குக்குத்தான்." அதையும் அய்யாவு நம்பவில்லை. தனியாக இறங்கி இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தார். ஷோரூம்காரர் சொன்னது நிஜம்தான். டியில் இறங்கியபோது நாலு வளைவுக்குள் பிரேக் கருகிய வாடை அடித்தது.

அதற்கப்புறம் இறக்கம் வந்தால், கைக்குக் குளிர்கிறது போலக் கழுத்துத் துண்டை எடுத்து லீவர் மேல் போட்டுக்கொள்வார். துண்டுக்கு அடியில் கை போகும், லீவர் நகரும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஒரு வித்தை தன் கையில் இருக்கும்வரை லயத்து வீடும் கையில் இருக்கும் என்பது அவர் கணக்கு. மனுஷனுக்குப் பயம் வந்துவிட்டால் இப்படியெல்லாம் புத்தி போகும்.

ஒருநாள் சுஜாதா ரோட்டோரப் பலகையைக் காட்டிக் கேட்டாள். "'இறக்கத்தில் இரண்டாவது கியரில் செல்லவும்'னு போட்டிருக்குதே. நமக்கு எப்பிடீங்க?"

"அது கியர் வண்டிக்கும்மா. நம்ம வண்டி எல்லாம் தானாவே பாத்துக்கும்."

நாக்கு கூசாமல் சொல்லிவிட்டார். அவளும் நம்பிவிட்டாள். குன்னூர் போய்வருவதற்கு அந்தப் பொய்யால் ஆபத்தில்லை. அது கொஞ்ச தூரம்தான். மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்க அவளுக்குத் தைரியம் வராது என்று அவர் நினைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவளே லயத்து வாசலுக்கு வந்தாள். "நாளைக்கு நீங்க லீவு எடுத்துக்குங்கண்ணா" என்றாள். கேட்காத லீவு! அய்யாவு சரி என்று தலையாட்டினார். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார்.

காலை ஏழு மணிக்குத் தண்ணீர்க் குழாயடியில் நின்றவர் பார்த்தார். ஆரஞ்சுக் கார் கேட்டைத் தாண்டியது. உள்ளே சுஜாதா. பின்சீட்டில் அவள் மகள் ரேணுகா, ஏழு வயது. குன்னூர் பக்கம் திரும்ப வேண்டிய கார், கீழே மேட்டுப்பாளையம் பக்கம் திரும்பிற்று.

பல் விளக்கிக்கொண்டிருந்த அய்யாவு அப்படியே நின்றுவிட்டார். ஃபேக்டரி கிளார்க் அய்யாவைக் கடந்து போகிறபோக்கில், "ஊர்ல இருந்து அம்மாவோட அம்மா வர்றாங்களாம். ரயிலடியில கூட்டிவரப் போறாங்க" என்றார்.

வீட்டுக்குள் ஓடிப் போனை எடுத்து சுஜாதாவுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்ததும் அவரேதான்.

"என்னா ஆச்சு? பேய் அறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் கருப்பம்மா.

சொன்னார். துண்டைச் சொன்னார், பலகையைச் சொன்னார், பொய்யைச் சொன்னார். கருப்பம்மா திட்டக்கூட இல்லை. "பின்சீட்ல புள்ள இருக்குய்யா" என்று மட்டும் சொன்னாள். அது அவரை அடித்த மாதிரி இருந்தது.

இறக்கத்தின் பாதியிலிருக்கும் பர்லியாரில் பழக்கடை வைத்திருக்கும் தங்கமணி நினைவுக்கு வந்தாள். லாரி காலத்துப் பழக்கம். அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"தங்கமணி, ஆரஞ்சு கலர்ல ஒரு சின்னக் கார் வரும். பொம்பள ஓட்டும். எப்பிடியாச்சும் நிப்பாட்டு. ரோட்ல குறுக்க நின்னாலும் சரி. நான் வர்ற வரைக்கும் விடாத."

"ஏனுங்க, திருட்டு வண்டியா?"

"திருடன் நாந்தான். நீ நிப்பாட்டு தாயி!"

ரோட்டுக்கு ஓடினார். கேத்தியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று அகப்பட்டது. பழக்கமான டிரைவர் பழனியாண்டி. ஏறி உட்கார்ந்ததும் கதையைச் சொல்லி, "வெரசாப் போ" என்றார். பழனியாண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டாவதுல எவ்வளவு போகுமோ அவ்வளவுதானுங்க போகும். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். லாரி முனகிக்கொண்டே இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அய்யாவு எட்டிப் பார்த்தார், பள்ளத்தில் ஏதாவது ஆரஞ்சு நிறம் தெரிகிறதா என்று. தெரியவில்லை என்றாலும் நம்பிக்கை வரவில்லை. மரம் மறைக்கிறதோ என்று நினைத்தார். காலமெல்லாம் ஊரைச் சந்தேகப்பட்டவர், அன்றைக்குத் தன்னை நினைத்துத்தான் அருவருத்தார்.

பர்லியாரில் கார் நின்றிருந்தது. கடையைத் தாண்டி முப்பதடி தள்ளி, மண் மேட்டில் மூக்கை இடித்து நின்றிருந்தது. முன்சக்கரத்திலிருந்து கருகல் வாடை. ரேணுகா கடை பெஞ்சில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும்தான் அய்யாவுக்கு மூச்சு வந்தது.

சுஜாதா முகத்தில் ரத்தமே இல்லை. "இந்தக்கா கையக் காட்டுனாங்க, மிதிச்சேன். மிதிக்க மிதிக்க நிக்கவே இல்லீங்கண்ணா. கைப்பிரேக்கையும் சேத்து இழுத்து, மண்ணுல விட்டுத்தான் நிறுத்துனேன். புது வண்டியில பிரேக் எப்பிடீங்க போகும்?"

"வண்டி மேல தப்பில்லம்மா. எம்ல போட்டு ரெண்டாவதுல எறங்கணும். பிரேக்கு ஆறட்டும், சரியாயிரும்."

"நான் அன்னிக்கே பலகையக் காட்டிக் கேட்டேனுங்களே."

"கேட்டீங்க."

"உங்களுக்கும் தெரியாதுங்களா?"

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. அய்யாவு பெஞ்சிலிருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"தெரியும்மா. மொத நாளே தெரியும். ஒங்களுக்கும் தெரிஞ்சுட்டா நான் எதுக்குன்னு மறச்சேன். வேல போனா வீடும் போயிரும். அந்தப் பயத்துல பண்ணிட்டேன்."

சுஜாதா தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "காரு வாங்கறப்பவே அதுதானுங்க முடிவு. டிரைவர் வெச்சுக்க முடியாதுன்னு. உங்ககிட்டச் சொல்ல எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரலை."

ஆக, அய்யாவின் சந்தேகம் சரி. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சரியாக எதுவும் பலித்ததில்லை. அதில் அவருக்குத் துளிச் சந்தோஷமும் இல்லை.

சக்கரம் ஆற முக்கால் மணி நேரம் ஆனது. அய்யாவு காரைப் பின்னால் எடுத்து, அங்கேயே முன்னும் பின்னும் ஓட்டி, நாலு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். சுஜாதா டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தாள். "வந்து உக்காருங்க. சொல்லிக்குடுங்க" என்றாள். குரலில் கோபமும் இல்லை, தயவும் இல்லை.

சொல்லிக்கொடுத்தார். லீவரை எப்படித் தள்ளுவது, இஞ்சின் சத்தம் ஏறினால் பயப்படக் கூடாது, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்று ஒன்று விடாமல் சொன்னார். மூன்றாவது வளைவுக்கு மேல் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவள் கெட்டிக்காரி. மலை முடிந்து கல்லாறு சமதளம் வந்தபோது அவளாகவே லீவரை 'டி'க்குத் தள்ளினாள்.

ரயிலடியில் அவள் அம்மா பெட்டியோடு காத்திருந்தார். பெட்டியை அய்யாவு டிக்கியில் வைத்தார். முன்சீட்டில் அம்மாவை உட்காரவைத்தாள் சுஜாதா. பின்சீட்டில் ரேணுகாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

"நீங்க பஸ்ல வந்துருங்கண்ணா" என்றாள்.

கார் திரும்பி, ஊட்டி ரோட்டில் ஏறிப் போயிற்று. கண்ணுக்கு மறையும்வரை அய்யாவு பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் கருப்பம்மா போன் அடித்துவிட்டாள்.

"புள்ள?"

"நல்லாருக்கு. பலாப்பழம் தின்னுச்சு."

"வேல?"

அய்யாவு ரயிலடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பர்லியார்ல இருந்து கல்லாறு வரைக்கும், கருப்பம்மா, அந்தம்மா பிரேக்க சும்மா தொட்டுத் தொட்டுத்தான் விட்டாங்க. அம்புட்டு நல்லா ஓட்டுறாங்க" என்றார்.