நீல மணிச் சாவி

இது நடந்தது. கதை கட்டி யாரையும் பயமுறுத்த வேண்டிய அவசியம் மெக்கானிக் சிலுவைராஜுக்குக் கிடையாது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பல வருஷமாக ஷெட் வைத்திருந்தவர். பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "கார்புரேட்டர்ல தூசி அடைச்சாலும் உங்களுக்குப் பேய்தான்யா" என்று சிரிக்கிறவர். 1981 ஐப்பசிக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள், பூம்பாறையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினான் ஞானவேல். பூண்டு மூட்டை ஏற்றுவதற்கென்று வத்தலக்குண்டு புரோக்கர் ஒருவரிடம் பழைய பெட்ரோல் ஜீப் வாங்கியிருந்தான்.

"அண்ணே, வெரசா வாங்க. இறக்கத்துல வண்டி தன்னால ஆஃப் ஆவுது. பாத்தா சாவி திரும்பிக் கெடக்கு. வள்ளிக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. புள்ள குறுக்கே கெடக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வலி எடுத்தா இந்த ஜீப்பத்தான் நம்பணும்."

"லாக்கு தேஞ்சிருக்கும். இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்க. புள்ள பெறப் போறது நீயா, உம் பொண்டாட்டியா?"

ஞானவேல் சிரிக்கவில்லை.

பூம்பாறையில் ஞானவேல் வீட்டு வாசலில், பூண்டு வயலை ஒட்டி ஜீப் நின்றது. லாக்கில் சாவி தொங்கியது. சாவியில் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஒரே ஒரு நீலக் கண்ணாடி மணி. சிலுவைராஜ் தொட்டார். வெயிலில் நின்ற வண்டி. சாவி மட்டும் ஜில்லென்று இருந்தது.

"புரோக்கர் சாவியே இல்லைன்னுதான் சொன்னாருண்ணே. வயர முறுக்கி டைரக்டாத்தான் ஓட்டிட்டு வந்தேன். மறுநாள் வெள்ளனே பாத்தா லாக்குல தொங்குது. தேடி எடுத்து யாருகிட்டயோ குடுத்து விட்டுருக்காருன்னு நெனச்சேன்."

"யாருகிட்ட?"

"தெரியலண்ணே."

சிலுவைராஜ் குனிந்து பார்த்தார். ஜீப்போடு வந்த லாக் இல்லை அது. ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றி மாட்டியது. சாவியை உருவினால் உள்ளேயிருந்து ஓர் இரும்பு நாக்கு நீண்டு ஸ்டியரிங்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். திருட்டுக்குப் பயந்து எவனோ செய்த வேலை.

"ஏலே, நீ இறக்கத்துல ஆஃப் பண்ணிட்டு உருட்டுவியா?" என்று கேட்டார். பெட்ரோல் மிச்சம் பிடிக்க மலை டிரைவர்களில் பாதிப்பேர் செய்கிற காரியம்தான்.

"அவ்வளவு தைரியம் எனக்கு ஏதுண்ணே?"

சாவித் துவாரத்தில் மண் அடைத்திருந்தது. கம்பியால் சுரண்டினார். சிவப்பு மண். ஈரமாக வந்தது. பூம்பாறை மண் கறுப்பு. துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, திருப்புளியை எடுக்கத் திரும்பினார்.

மறுபடி பார்த்தபோது... துவாரத்தில் அதே மண்.

அப்போதுதான் வீட்டுக்குள்ளிருந்து அலறல் கேட்டது. வள்ளியின் அம்மா பாப்பம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"மாப்ளே, வண்டிய எடுங்க! பனிக்குடம் ஒடஞ்சிருச்சு!"

இனி ரிப்பேர் பார்க்க நேரமில்லை. சிலுவைராஜ் உளியை வைத்து போல்ட்டை உடைத்து லாக்கை முழுசாகப் பெயர்த்தெடுத்தார். வயர்களை முறுக்கி டைரக்ட் போட்டார். இன்ஜின் உறுமியது. லாக்கைக் கருவிப் பையில் போட்டு வாரை இழுத்துக் கட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி ஆஃப் ஆகுறதுக்கு அங்கன ஒண்ணுமே இல்ல. தைரியமா ஓட்டு."

மதியம் மூன்று மணி. பனி இறங்கிவிட்டது. ஞானவேல் லைட்டைப் போட்டு ஓட்டினான். பின்னால் வள்ளி முனகிக்கொண்டே வந்தாள். ஏற்றம் முழுக்க ஜீப் ஒழுங்காக ஏறியது. சிலுவைராஜுக்கு மூச்சு வந்தது.

ஏற்றம் முடிந்தது. இறக்கம்.

டக்...

சின்னச் சத்தம். லாக்கில் சாவி திரும்புகிற சத்தம்.

இன்ஜின் நின்றது.

டாஷ்போர்டில் வெறும் ஓட்டைதான் இருந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை. சிலுவைராஜின் காலடியில் இருந்த பையிலிருந்து வந்தது.

சர்ர்...க்.

உருவுகிற சத்தம்.

"அண்ணே... ஸ்டியரிங் திரும்பல!"

வளைவு வந்தது. ஜீப் நேராகப் போனது.

சிலுவைராஜ் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். டயர் கிறீச்சிட்டது. பாப்பம்மாள் முருகனைக் கூப்பிட்டாள். கல் உருண்டது. கீழே... வெகு கீழே போய் விழுந்தது.

ஜீப் நின்றுவிட்டது.

இடது முன் சக்கரத்துக்கு அடியில் தரை இல்லை.

சட்டைப் பையைத் தொட்டார். சாவி இல்லை. கருவிப் பையின் வாரை அவிழ்த்தார். லாக்கின் மேல் சாவி கிடந்தது. நீல மணி ஆடிக்கொண்டிருந்தது. சாவி முழுக்க ஈரச் சிவப்பு மண்.

பையோடு தூக்கிப் பள்ளத்தில் எறிந்தார்.

ஸ்டியரிங் லேசாகிவிட்டது.

பைக்குள் சாவி கிடந்ததை ஞானவேலிடம் சொல்லவில்லை. சொல்கிற நேரமா அது? ஜீப்பைப் பின்னுக்குத் தள்ளி, வயரை உரசி, கிளப்பி, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். ஆபரேஷன் நடந்தது. ஆண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

ஜீப்பை ஷெட்டில் விட்டான் ஞானவேல். சிலுவைராஜ் கடைவீதியில் சாதாரண லாக் ஒன்றைப் புதிதாக வாங்கி மாட்டினார். ஸ்டியரிங்கைப் பூட்டுகிற நாக்கெல்லாம் இல்லாதது. அதன் இரண்டு சாவிகளையும் மனைவி அமலியிடம் கொடுத்து வைத்தார்.

டயருக்குக் காற்றடிக்க வந்த லாரி டிரைவர் ஒருவன் ஜீப்பைச் சுற்றி வந்தான்.

"இது ஆடலூர் உபகாரம் ஓட்டுன வண்டியில்ல? இதை இன்னுமா உடைக்காம வச்சிருக்கானுக?"

சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான். சிலுவைராஜுக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் ஆடலூருக்கு பஸ் ஏறினார்.

உபகாரத்தின் மனைவி கித்தேரியம்மாள் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளியோட வண்டிங்க. பழைய லாக்கு லூசு. குலுங்குனா சாவி கீழ விழுந்துரும். அதனால இறக்கம் வந்தா ஆஃப் பண்ணி, சாவிய உருவிக் கையிலயே வச்சுக்குவாரு. முதலாளி புது லாக்கு மாட்டுனாரு. உருவுனா ஸ்டியரிங் பூட்டிக்கும்னு சொல்லித்தான் குடுத்தாராம். கைப் பழக்கம் விடுமாங்க? மறுநாளே பள்ளத்துல..."

சிலுவைராஜ் தயங்கிக் கேட்டார். "அந்தச் சாவியில நீலமா ஒரு மணி..."

அவள் கை நின்றது.

"எஞ் ஜெபமாலை அறுந்து போச்சு. அதுல ஒரு மணிய அவருதான் கோத்தாரு. உங்களுக்கு எப்படித் தெரியும்? பெட்டியில வைக்கும்போதும் அவரு கை மூடித்தாங்க இருந்துச்சு. விரல விரிக்க முடியல. சாவியோடதாங்க பொதச்சோம். மணி மட்டும் வெளிய தொங்கிட்டு இருந்துச்சு."

வாசலில் கிடந்த மண்ணை அப்போதுதான் பார்த்தார் சிலுவைராஜ்.

சிவப்பு.

விழுந்தடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். ஷெட் காலியாக இருந்தது.

"ஞானவேலு வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாருங்க. ஊருக்குப் போன மாமியார திரும்பக் கூப்புட்டு வரணுமாம்" என்றாள் அமலி. "இந்தாங்க, இதைக் குடுத்துட்டாரு. அண்ணன் பழைய சாவியே சேர்ற மாதிரி பண்ணிட்டாரு போல, வண்டியிலயே தொங்குது, புதுசு எதுக்குன்னாரு."

அவள் உள்ளங்கையில் இரண்டு புதுச் சாவிகள். சுற்றிய காகிதம்கூடப் பிரிக்கவில்லை.

பூம்பாறை இறக்கத்தில் ஜீப் கிடந்ததை மாலை பஸ்காரர்கள்தான் பார்த்தார்கள். வளைவில் நேராகப் போயிருந்தது. லாக்கில் சாவி இல்லை. ஞானவேலின் வலது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் நீல மணி. நாலு பேர் முயன்றும் விரலைப் பிரிக்க முடியவில்லை.

அப்படியே எரித்தார்கள்.

மறுநாள் எலும்பு பொறுக்கும்போது சிலுவைராஜும் கூட நின்றார். சாம்பலை மூன்று முறை சலிக்கச் சொன்னார். கண்ணாடி மணி உருகியிருக்கலாம்...

சாவியும் இல்லை.

சல்லடையின் அடியில் மட்டும் ஒரு பிடி மண் தங்கியிருந்தது. ஈரமாக... சிவப்பாக.