சந்திரம்மாவிடம் மட்டும் பேசிய கண்டக்டர்

“வாயக் கழுவிட்டுப் பேசு சாந்தகுமாரி! எங்க வீட்டுக்காரருக்கும் சந்திரம்மாவுக்கும் என்னடி இருக்கு? ஒரு கை ஒரு கால் விழுந்துபோன மனுஷனப் பத்தியா இப்படிப் பேசறது?”

பால் பூத்தில் அத்தனை பேர் முன்னால் இப்படித்தான் கத்தினேன். அவள் அசரவில்லை.

“நானா சொல்றேன் பாட்டி? நம்ம மர்பி டவுன் ஏரியாவே சொல்லுது. கட்டின பொண்டாட்டிகிட்ட ஊமையாம், எதிர்வீட்டம்மா வந்தா மட்டும் வாய் தொறக்குதாம்.”

வாய் திறந்தது உண்மைதான். என் வயிற்றெரிச்சலும் அதுதான். ஆனால் எரிய வேண்டியவள் நான். இவளுக்கு என்ன வந்தது?

என் வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். ரிட்டயர் ஆகும்வரை சிவாஜி நகர் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். கன்னட ஊர், பஸ்ஸில் நாள் முழுக்கக் கன்னடம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கன்னடத்தையும் கழற்றி வைத்துவிடுவார். வீட்டுக்குள் தமிழ்தான். எனக்குக் கன்னடம் காதில் விழுந்தால் புரியும். வாயால் பேசியதில்லை. தமிழ்க்காரர்களே நிறைந்த எங்கள் சந்தில் அதற்கு அவசியமும் இல்லை, எனக்கு இஷ்டமும் இல்லை.

போன ஆடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஸ்ட்ரோக் என்றார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சும் இல்லை. “என்னங்க, என்னங்க” என்று நான் தொண்டை வறளக் கூப்பிடுவேன். கண் என்னைப் பார்க்கும், வாய் அசையாது.

ஒரு நாள் சந்திரம்மா ராகிக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். “ஹேகித்தீரா அண்ணா?” என்று கன்னடத்தில் நலம் கேட்டாள். கோணிய வாய் மெல்லத் திறந்தது.

“சென்னாகித்தீனி.”

நன்றாக இருக்கிறாராம்! இத்தனை நாள் நான் துடைத்து, புரட்டி, ஊட்டிவிட்டதற்கு ஒரு ‘உம்’ கிடையாது. ஒரு டம்ளர் கஞ்சிக்கு நன்றாக இருக்கிறாராம். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அண்ணா என்றுதான் அவள் கூப்பிடுகிறாள். அண்ணாவைக் கூப்பிட நாக்கில் அவ்வளவு வெல்லம் எதற்கு?

உடற்பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் ரக்ஷாவிடம் கேட்டேன். “கோபம் மாட்காதீங்க அஜ்ஜி,” என்று அவள் பாட்டியை அஜ்ஜியாக்கி, பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகச் சமாதானம் சொன்னாள். “சிலருக்கு ரெண்டு பாஷைல ஒண்ணு முதல்ல வரும். தமிழ் அப்புறம் வரலாம். சந்திரம்மா ஆன்ட்டி டெய்லி வந்து பேசட்டும்.”

சரி என்றேன். சந்திரம்மாவின் நாற்காலியை மட்டும் கட்டிலுக்கு எட்டப் போட்டேன்.

அப்புறம் ரக்ஷா வீட்டை மாற்ற ஆரம்பித்தாள். கால் தடுக்கும் மிதியடிகள் போயின. கட்டில் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்தினோம். உட்காரும் கக்கூஸ் வந்தது, பக்கத்தில் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடியும் வந்தது. நடக்க வாக்கர் வாங்கினோம். அவர் அதை இடது காலால் தள்ளிவிட்டார். எடுத்து வைக்கும் போதெல்லாம் தள்ளினார்.

“தாத்தா என்ன வேலை பண்ணாரு?” என்று ரக்ஷா கேட்டாள். சொன்னேன். வெல்டிங் ஷெர்வினைக் கூப்பிட்டு, தரைக்கும் கூரைக்குமாகக் கம்பிகள் நடச் சொன்னாள். கட்டிலருகே ஒன்று, நடையில் ஒன்று, வாசல் ஓரம் ஒன்று. வீடு பஸ் மாதிரி ஆகிவிட்டது. அவர் இடது கையால் கம்பியைப் பிடித்தார், எழுந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசற்படி மேல் சாய்வாக ஒரு பலகையும் போட்டார்கள். கோல மாவு வழுக்கும், இனி அங்கே கோலம் கூடாது என்றாள் ரக்ஷா. என் வாசல் மொட்டையாகக் கிடந்தது. எதிர்வாசலில் சந்திரம்மாவின் ரங்கோலி தினமும் கலர் கலராகப் பூத்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது இன்னொன்று. நான் கூப்பிட்டால் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். சந்திரம்மா வெளியே நின்று “பன்னி அண்ணா, பன்னி” என்று, வாங்க வாங்க என்று கன்னடத்தில் கூப்பிட்டால் ஒவ்வொரு கம்பியாக மாறி வாசல்வரை வருவார். அங்கே நின்றுவிடுவார். அதற்கு மேல் பிடிக்கக் கம்பி இல்லை.

“வாசல் தாண்டிட்டா பயம் போயிடும் அஜ்ஜி. இல்லன்னா வீட்டுக்குள்ளயே இருந்துடுவாரு,” என்றாள் ரக்ஷா.

தாண்டட்டும். ஆனால் அவள் குரலுக்குத் தாண்டக் கூடாது. நான் சாமியிடம் வேண்டியது அவ்வளவுதான்.

அன்று காலையும் அதே கதை. விழாமலிருக்க அவர் இடுப்பில் கட்டிய பட்டையை ரக்ஷா பிடித்திருந்தாள். சந்திரம்மா சாய்வுப் பலகையின் மேலேயே ஏறி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு “பன்னி, பன்னி” என்கிறாள். அவர் கடைசிக் கம்பியில் நிற்கிறார். எனக்கு எங்கிருந்தோ ஆவேசம் வந்தது. ஆணியில் தொங்கிய மார்க்கெட் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். பிறந்ததிலிருந்து பேசாத கன்னடத்தை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

“ஏன்ரீ கண்டக்டர்! ஸ்டாப் பந்து! இளீபேக்கு ரீ, இளீபேக்கு!”

ஸ்டாப் வந்துவிட்டது, இறங்க வேண்டும் என்று கத்தினேன், பஸ் நெரிசலில் மாட்டிய பெண்பிள்ளைகள் கத்துவதுபோல. அவர் கழுத்து என் பக்கம் திரும்பியது. கூடையைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு முன்னால் வழியை மறித்து நிற்கும் சந்திரம்மாவைப் பார்த்தார்.

“ஏ அம்மா! புட்போர்டு மேலே நில்பேடி! ஸைடு ஹோகி!”

புட்போர்டில் நிற்காதீங்க, தள்ளிப் போங்க என்கிற பழைய கண்டக்டர் குரல். சந்து முழுக்கக் கேட்டது. நீட்டிய கையோடு சந்திரம்மா எதிர்வாசல்வரை பின்வாங்கி, தன் ரங்கோலியையே மிதித்துக்கொண்டு ஒதுங்கினாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் நன்றாகப் பார்த்தேன்.

அவர் கம்பியை விட்டார். இடது காலை வைத்தார், வலது காலை இழுத்துக்கொண்டார். பலகை கிறீச்சிட்டது. வாசலைத் தாண்டி வெயிலில் நின்றார். கூடையோடு நானும் பின்னாலேயே இறங்கினேன்.

பால் பாக்கெட்டோடு வந்த சாந்தகுமாரி, எங்களைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றாள். அவர் அவளை முன்னால் போகச் சொல்லி இடது கையை வீசினார்.

“முந்தே ஹோகி, முந்தே ஹோகி!”

நடையைக் கட்டினாள்.