நெஞ்செலும்பு கூடவில்லை

என் கணவர் இதய மாற்று அறுவை முடிந்து பெங்களூர் மர்பி டவுன் வீட்டுக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு காலை அவர் இருமியபோது நெஞ்சுக்குள்ளிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம். அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. தையல் இழுக்குது."

சட்டையைக் கழற்ற மாட்டேன் என்றார். நானே பித்தான்களை அவிழ்த்தேன். தையலின் கீழ்முனையில் பனியன் மஞ்சளாக நனைந்து ஒட்டியிருந்தது. முந்தின நாளே கசிந்ததாம். மறுபடி ஆஸ்பத்திரியில் போட்டுவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறார். கோபப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவில், ரோட்டில் வேகத்தடை வரும்போதெல்லாம் கையோடு கொண்டுவந்த தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். "நிதானவாகி ஹோகி அண்ணா" என்று, மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரைக் கன்னடத்தில் கெஞ்சிக்கொண்டே போனேன்.

ஸ்கேன் பார்த்த பெண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"அறுத்த நெஞ்செலும்பு கூடலம்மா. உள்ள சீழ் வெச்சிருக்கு. கெட்டுப்போன எலும்பையும் கட்டின கம்பியையும் எடுத்துட்டு, பக்கத்து மார்புச் சதையைத் திருப்பி வெச்சு மூடணும்."

"புது இதயத்துக்கு ஒண்ணும் ஆகாதே, மேடம்?"

"அதைக் காப்பாத்தத்தான் சீக்கிரம் பண்றோம்."

உடம்பு புது இதயத்தை ஒதுக்கிவிடாமலிருக்க நான் வேளை தவறாமல் கொடுத்த மாத்திரைகள்தான் புண்ணையும் ஆறவிடவில்லையாம்.

"கொஞ்சம் குறைச்சுக் கொடுத்தா?"

"குறைச்சா இதயமே போயிடும்மா."

முதலில் சுத்தம் செய்து, புண்ணை மூடாமலே சீழை உறிஞ்சும் மெஷினை மாட்டினார்கள். குழாயில் வருவதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு வீட்டார் தங்கள் துக்கத்திலும் மனமிரங்கிக் கொடுத்த இதயம். அதை ஒரு புண்ணுக்குப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற எண்ணம் சாப்பிட விடவில்லை. நிறம் தெளிந்த பிறகு இன்னொரு அறுவை செய்து சதையால் மூடினார்கள். வெளியே வந்த டாக்டர், "இதயம் நல்லா இருக்கு" என்றதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மெதுவாகத்தான் ஆறியது. இப்போது அவர் ஆட்டோ ஸ்டாண்டு வரை தனியாக நடந்துபோகிறார். எலும்பு எடுத்த இடத்தில் மட்டும் தோல் இதயத் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும். ஒருநாள் குளித்து வந்தவரைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

"அப்படிப் பாக்காத. எனக்கே பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்று துண்டை நீட்டினேன்.